விளக்குமாறு தொங்கிய வீடு

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் ஸ்டுட்கார்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், என் மகள் உடனே என்னைக் காட்டிவிடுவாள். "அம்மாவோட போங்கோ. அவவுக்கு இந்த வைன் தோட்டமெல்லாம் தண்ணிபட்ட பாடு." உண்மைதான். நெக்கார் ஆற்றின் இரண்டு கரையிலும் ஏறிப்போகும் திராட்சைச் சரிவுகளில் எந்தக் கற்படி வழுக்கும், எந்த மர வாங்கில் உட்கார்ந்தால் மத்தியான வெயில் விழும், எந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வைனைக் கையால் தொடாத ஒரு மனுசி இதையெல்லாம் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வந்தவர்கள் படம் எடுப்பார்கள், வடிவான இடம் என்பார்கள், பிறகு பசிக்கிறது என்பார்கள். நானும் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்து வைப்பேன்.

அந்தப் பாதைகளில் நான் ஊர் பார்க்க நடந்து பழகவில்லை. என் முதல் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடி நடந்து பழகினேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நானும் கணவரும் ஜெர்மனிக்கு வந்தோம். கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்கு மாறி, அங்கே சில கிழமைகள் இழுபட்டு, கடைசியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டோம். முன்பு ஹோட்டலாக இருந்து நொடித்துப்போன கட்டடம் ஒன்றை அகதிகளுக்கு விடுதியாக்கியிருந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, சமைக்க மாடிக்கு ஒரு பொதுக் குசினி. வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. அப்போது எனக்கு ஐந்து மாதம். பிள்ளை வயிற்றில் இருந்தபடியால் இந்த இல்லைகள் எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டது. அன்று மாலை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, மூச்சில்லை. எனக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியிருந்ததால் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலை நிறைய மயிர் இருந்தது என்று கணவர் பிறகு சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அவர்மேல் கோபப்பட்டேன், இன்னும் ஏதாவது சொல்லமாட்டாரா என்றும் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பாதிரியார் ஒருவர் இரக்கப்பட்டு, தான் பூசை வைக்கும் கிராமத்து மயானத்தில் இடம் எடுத்துக் கொடுத்திருந்தார். கணவரும் விடுதியில் பக்கத்து அறையில் இருந்த ஓர் அண்ணையும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். நான் அப்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தேன்.

கட்டிலில் கிடக்காவிட்டாலும் நான் போயிருக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இறந்து பிறந்த பிள்ளைக்கு எட்டாம் நாள் சடங்குமில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியுமில்லை. பிறந்து முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது வழக்கம், அதற்கு முன் போன பிள்ளைக்குப் பெயருமில்லை. புதைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பிறகு அந்தப் பக்கம் போகவும் கூடாது. பிள்ளையின் உயிர் தாயைத் தேடிப் பின்னால் வந்துவிடும் என்று சொல்வார்கள். வந்தால் வரட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. இதை வெளியே சொன்னால் விசர் பிடித்துவிட்டது என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அறைக்குத் திரும்பிய அன்றே கணவரிடம் கேட்டேன்.

"எங்கை வைச்சனீங்கள்?"

"அதையேன் இப்ப?"

"சொல்லுங்கோவன்."

"உமக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சால் மனம் அங்கையே போய் நிக்கும்."

என் மனம் போய் நிற்க ஓர் இடம் தெரியாமல் ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தது என்பது அவருக்கு விளங்கவில்லை. வேறு யாரிடம் கேட்பது? ஆஸ்பத்திரியில் கேட்க எனக்கு ஜெர்மன்காரரின் டொச் மொழி வராது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால், அரைகுறையாகப் பேசப் பழகியிருந்த இவரைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து அறை அண்ணை ஒருநாள் குசினியில் தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்தேன்.

"அண்ணை, நீங்களும் போனனீங்கள்தானே. எந்த இடம்?"

"தங்கச்சி, அது கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது."

நான் அழவில்லை. அப்படியே நின்றேன். அவர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

"நல்ல இடமம்மா. சுத்திவர முந்திரிகைத் தோட்டம். நல்லா வெயில் விழும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வெங்காயத்தை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

இந்தியத் தமிழர் முந்திரி என்றால் கஜுவை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சைதான். ஆகா, ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது என்று அறைக்கு ஓடிப்போய் யன்னலைத் திறந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரைக்கும் மலையெல்லாம் முந்திரிகைத் தோட்டம். இந்தப் பக்கமும் அதேதான். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வீட்டுக்கு வழி கேட்டு, அவர் பனைமரத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னதைப் போல இருந்தது. யன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

விடுதியைப் பார்த்துக்கொண்ட ஹவுஸ்மைஸ்டர் ஒரு முசுடு. நீல மேலங்கியும் சாவிக்கொத்துமாகத் திரிவார். குசினி அடுப்பை நிற்பாட்டவில்லை, படியில் சைக்கிள் விட்டிருக்கிறது என்று எந்நேரமும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். எனக்கு நடந்தது தெரிந்த பிறகு என்னை மட்டும் திட்டுவதில்லை. நடந்து திரிய விருப்பம் என்று கணவர் மூலம் நான் சொல்வித்ததும், சுற்றுவட்டாரத்தின் வைன் பாதைகள் குறித்த வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சிவப்புத் திராட்சைக்குலை வரைந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து மாவட்ட எல்லையைக் கீறி, இதற்கு அங்காலே போனால் பொலிஸ் என்றார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பல கிராமங்கள் இருந்தன. கிராமத்துக்கு ஒரு கிறிஸ்தவக் கோயில், கோயிலுக்கு ஒரு மயானம்.

பங்குனியிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்தோம். புட்டும் சம்பலும் ஒரு பெட்டியில், தேத்தண்ணீர் ஒரு போத்தலில். கணவருக்கு ஒரே சந்தோஷம். நான் தேறி வருகிறேன், வெளிக்காற்று பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கொடிகளை வெட்டி வில்லாக வளைத்துக் கம்பியில் கட்டுவதை நின்று பார்ப்பார். எங்கள் ஊரில் பந்தல் போட்டுப் படரவிட்டு நிழலில் நின்று பறிப்பதையும், இவர்கள் செங்குத்தான சரிவில் நெஞ்சு நோக ஏறி இறங்குவதையும் ஒப்பிட்டுப் பேசுவார். ஆனியில் கொடி பூத்தது. கடுகளவு பூ. கிட்டப்போய் மூக்கை வைத்தால்தான் வாசம் தெரியும். "மணந்து பாருமப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் போய் மணந்துவிட்டு நல்ல வாசம் என்றேன். என் கண் மட்டும் கீழே தெரிந்த கோயில் கோபுரத்தில் இருந்தது.

முதலில் மயானங்களைத்தான் எட்டிப் பார்த்தேன். ஜெர்மன்காரரின் மயானம் எங்கள் பூங்காக்களைவிட வடிவு. மனிதர்கள் பச்சை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பூவுக்கு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கால் நோகிறது என்றோ சப்பாத்துக்குள் கல் என்றோ சாட்டுச் சொல்லி மதிலோரம் நிற்பேன். ஒருமுறை கேற்றைத் தள்ளி உள்ளே காலெடுத்து வைத்ததும் கணவர் பின்னால் கத்தினார். "அங்கையெல்லாம் போகேலாது, வாரும் இஞ்சால!" ஆனாலும் நான் பார்த்த கல்லிலெல்லாம் பெயர் வெட்டியிருந்தது. பெயரில்லாத என் பிள்ளையை நான் எந்த எழுத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது?

அதற்குப் பிறகு கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்கினேன். புதைத்த இடம் வந்தால் இந்த மனிதனின் முகம் காட்டிக்கொடுக்கும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஞாயிறும் வேறு ஒரு பாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊர் எல்லை வரும்போது அரையடி பின்னால் தங்கி, அவர் நடையையும் கழுத்தையும் கவனித்தேன். அவரோ சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வரும் ஜெர்மன்காரருக்கு "க்ரூஸ் கொட்" என்று வணக்கம் சொன்னார். கோடை முழுக்க அப்படிப் போனது. பாதைகள் பழகின, பிள்ளை கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் இன்னொன்றும் தொலைந்தது. கலியாணத்துக்கு அம்மா தந்த சாமான்களில் நான் கொண்டுவந்தது தண்ணீர் குடிக்கும் இரண்டு எவர்சில்வர் பேணிகள் மட்டும்தான். அடியில் என் பெயரைச் சிறு புள்ளிகளாக வெட்டியிருந்தது. கலியாண வீட்டுப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். நாலு வீட்டுப் பாத்திரம் கலக்கும் இடத்தில் இது யாருடையது என்று சண்டை வராது. அதில் ஒன்றைக் காணவில்லை. பொதுக் குசினியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நான் மூன்று குடும்பத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கணவரும் என்னோடு சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில் முழங்காலில் நின்று பார்த்தார். "எங்கை போயிருக்கும்?" என்று என்னிடமே கேட்டார்.

டெர்மின் என்றால் நாளும் நேரமும் குறித்துக் கூப்பிடுவது. அந்த வருடம் அவருக்குத்தான் எத்தனை டெர்மின்! வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், சமூக உதவியில் டெர்மின், வழக்கறிஞரிடம் டெர்மின். கிழமை நாளில் காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வருவார். இந்த நாட்டுக்காரருக்கு வேறு வேலை இல்லையா என்று நான் புறுபுறுப்பேன். போய்வந்த சப்பாத்தில் அப்பியிருக்கும் செம்மண்ணைக் கத்தியால் சுரண்டித் துடைத்து வைப்பேன். அலுவலகங்களுக்கெல்லாம் தார்ரோட்டு இருக்கிறதே, செம்மண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பழம் கனியத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, சரிவின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. குருவிகளைக் கலைக்கத் தோட்டத்தில் வைத்திருக்கும் வாயுப் பீரங்கி அது. எங்களுக்கு எப்படித் தெரியும்? கணவர் என்னைத் தள்ளி விழுத்தி என்மேல் குப்புறப் படுத்தார். ஒரு கையால் என் தலையையும் மறுகையால் என் வயிற்றையும் மூடிக்கொண்டார். மேலே குருவிக் கூட்டம் எழும்பிப் போனது. இன்னொரு வெடி கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. அவர் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். அவருடைய மறுகை இன்னும் என் வயிற்றில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். அன்றைக்கு நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பினோம்.

அறுவடை முடிந்து, இலையெல்லாம் மஞ்சளாகி விழத் தொடங்கிய கார்த்திகையில்தான் அந்த வீட்டைக் கண்டேன். வரைபடத்தில் ஹவுஸ்மைஸ்டர் கீறிய கோட்டுக்குக் கிட்ட, ஓர் ஓரமாக இருந்த கிராமம். பல தடவை அங்கே போவோம் என்று நான் கேட்டும், தூரம், ஏற்றம், மழை வரும் என்று கணவர் தள்ளிக்கொண்டே வந்தார். அன்றைக்கு நான் முன்னால் நடந்துவிட்டேன். சரிவிலிருந்து இறங்கும் பாதை ஊருக்குள் நுழையும் இடத்தில் முதல் வீடு. கேற்றுக்கு மேலே ஒரு கம்பை நீட்டி, அதில் ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இஞ்சரும், பாத்தீரே?" என்றார் கணவர். "விளக்குமாறு காட்டுறாங்கள். எங்களைப்போல ஆக்கள் வரக்கூடாதெண்டு கட்டி வைச்சிருக்கு. வாரும், திரும்புவம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விளக்குமாற்றால் விரட்டும் அளவுக்கு நாங்கள் இவர்களுக்கு என்ன செய்தோம்? யன்னலுக்குள் ஒரு கிழவி நின்றாள். எங்களைக் கண்டதும் யன்னலைத் திறந்து பலமாகக் கையை ஆட்டினாள். போ என்கிறாளா வா என்கிறாளா என்று நிதானித்துப் பார்க்க நான் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்குமாற்றை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டியவளோடு ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. "உன்ரை வீடு நாசமாப் போக" என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கணவர் என் கையைப் பிடித்து வேகமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கை குளிர்ந்து கிடந்தது. பாவம், அவமானத்தில் ஆள் ஒடுங்கிப்போனார் என்று நினைத்தேன். அந்த ஊர்ப் பக்கம் இனித் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வரைபடத்தில் அந்தக் கிராமத்தின்மேல் பேனையால் ஒரு புள்ளடியும் போட்டேன்.

பனி கொட்டிய மாதங்களில் நடை நின்றது. கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு டொச் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்குப் போனேன். தை மாதத்தில் ஒருநாள் ஹவுஸ்மைஸ்டர் விடுதி வாசலில் குச்சி விளக்குமாற்றால் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் பழைய கோபம் கிளம்பிவிட்டது. தெரிந்த டொச்சில் முறையிட்டேன். அந்த ஊரில் ஒரு வீடு, கெட்ட மனிதர்கள், அகதிகளுக்கு விளக்குமாறு காட்டுகிறார்கள், பொலிசில் சொல்ல முடியாதா?

அவர் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்த முசுடு சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். வைன் செய்கிற குடும்பங்கள் வருடத்தில் சில கிழமைகள் தங்கள் வீட்டு அறையையே கடையாக்கி, சொந்த வைனையும் சாப்பாட்டையும் விற்பார்களாம். கடை திறந்திருக்கிறது, எல்லோரும் உள்ளே வாருங்கள் என்பதற்குத்தான் வாசலில் விளக்குமாறாம். இந்தப் பக்கத்துப் பழைய வழக்கமாம். கடை முடிந்தால் கழற்றிவிடுவார்களாம். "திரும்ப மாசி மாதத்தில் தொங்கும். போய் ஒரு கிளாஸ் குடி," என்றார்.

நானும் சிரித்தேன். ஏழு தலைமுறைப் பகையை எடுத்த எடுப்பில் தீர்மானித்த என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே படியேறினேன். கணவரிடம் சொல்ல வேண்டும், அவரும் சிரிப்பார். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஊர் கண்ணில் பட்டதுமே அவர் சீட்டி நின்றுவிட்டது. விளக்குமாற்றை நான் காணும் முன்பே அவர் நடை தளர்ந்துவிட்டது. திரும்ப வேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டுத்தான் விளக்குமாற்றைக் காட்டினார். ஞாயிறு தவறாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், பார்க்க வேண்டிய அன்றைக்கு ஒரு கிழவியோடு சண்டைக்கு நின்றிருக்கிறேன். குசினிக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. கணவர் டெர்மின் என்று சொல்லி நகரத்துக்குப் போன ஒருநாள், கோட்டை மாட்டிக்கொண்டு நான் தனியாக வெளிக்கிட்டேன். கொடிகளெல்லாம் மொட்டையாக நின்றன. வெட்டிப் போட்ட கிளைகள் பாதையில் கிடந்து காலில் முறிந்தன. அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, பயமாகவும் இருந்தது. கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் பாதி, கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மீதி.

விளக்குமாறு தொங்கியது. கேற்றைத் தள்ளி, கதவைத் திறந்து உள்ளே போனேன். எங்கள் பரம்பரையில் குடி விற்கும் ஒரு தவறணைக்குள் தனியாகக் காலெடுத்து வைத்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். வெக்கை, புகை, வெங்காயம் வதங்கும் மணம். நீட்டு வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தக் கிழவி கைபிடி வைத்த கிளாஸ்கள் நிறைந்த தட்டோடு நடுவில் நின்றாள். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்த டொச் வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டு கைகளையும் தொட்டில்போல மடித்து, ஒன்றுமில்லாத கைகளை ஆட்டிக் காட்டினேன்.

அவள் தட்டைக் கிட்ட இருந்த மேசையில் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து யாரிடமோ கொடுத்தாள். கடை நிறைய ஆட்களை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலால் வெளியே வந்தாள். முற்றத்தைத் தாண்டிக் கற்படி ஏறியது. மேலே மயான மதில், அதில் ஒரு சிறிய கேற்று. உள்ளே கடைசி வரிசையில் எல்லாம் சின்னச் சின்னக் குழிமேடுகள். கடைசியில் இருந்ததன் முன்னால் நின்று, என் கையை விட்டாள்.

சுற்றிவரத் தோட்டத்துக் கல் அடுக்கியிருந்தது. மரப்பலகை ஒன்றில் வருடம் மட்டும் எழுதியிருந்தது. நடுவில் என் எவர்சில்வர் பேணி. அதற்குள் பனி விலகும் காலத்தில் முளைக்கும் வெள்ளைப் பூக்கள், அன்று காலையில் வைத்ததுபோல வாடாமல் இருந்தன.

நான் மண்ணில் இருந்துவிட்டேன். அழுதேனா என்று நினைவில்லை, கிழவி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அவள் மெதுவாகச் சொன்னவற்றில் எனக்கு முக்கால்வாசி விளங்கியது. என் கணவர் அடிக்கடி வருவாராம். கல்லை அவர்தான் சரிவிலிருந்து பொறுக்கி வந்து அடுக்கினாராம். அந்தப் பேணியால் தண்ணீர் ஊற்றிவிட்டு, மதிலோர வாங்கில் வெகுநேரம் இருப்பாராம். மழையென்றால் இவள் கூப்பிட்டுக் கோப்பி கொடுப்பாளாம், வைன் கொடுத்தால் வாங்கமாட்டாராம். அவர் வராத நாட்களில் பூவை இவள் பார்த்துக்கொள்வாளாம். "இலையுதிர் காலத்தில் ஒருநாள் இரண்டுபேருமாக வந்தீர்கள். தாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். யன்னலைத் திறந்து கூப்பிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள்," என்றாள்.

பிறகு குனிந்து பேணியை எடுத்து, பூ விழாமல் சரித்து, அடியில் இருந்த எழுத்துப் புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது தாயின் பெயர் என்று உங்கள் கணவர் சொன்னார். பிள்ளையின் பெயர் என்ன, பலகையில் எழுதலாமே என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றார்."

ஒரு வருடம் போயிருந்தது. இன்னும் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு வந்தது கோபம்தான். பிள்ளையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, என்னை வெளியே நிற்பாட்டியிருக்கிறார். அந்தியேட்டி இல்லை, போகக்கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் படிப்பித்துவிட்டு, தான் கல் பொறுக்கியிருக்கிறார். என்னோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் பேணி தேடியிருக்கிறார்! வீட்டுக்கு வந்ததும் நாலு கேள்வி கேட்பதென்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பின்னேரம் அவர் வந்து சப்பாத்தைக் கழற்றினார். அடியில் செம்மண். கிழவி அவரைக் கண்டாளோ, நான் வந்துபோனதைச் சொன்னாளோ தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. களைத்துப்போன முகம், அவ்வளவுதான். அந்த முகத்தோடு தனியாக ஒரு வருடம் மழையில் இருந்திருக்கிறார் என்று தோன்றியதும் கோபம் கரைந்துபோனது. கத்தியை எடுத்து மண்ணைச் சுரண்டினேன். மிஞ்சியிருந்த பேணியில் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், நான் ஜாம் போத்தலில் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு வெயில் எறித்தது. நடக்கப் போவோமா என்று அவரே கேட்டார். புட்டுப் பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் கதவடியில் குனிந்து சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு எந்தப் பக்கம்?" என்றார்.

"விளக்குமாறு தொங்கிற வீட்டுப் பக்கம் போவம்," என்றேன். "பிள்ளைக்கு ஒரு பேர் வைக்க வேணும். அந்த அம்மா பலகையோட பாத்துக்கொண்டிருக்கிறா."

நூல் கட்டின கை அப்படியே நின்றது. அவர் நிமிரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. நான் கிட்டப் போய் நின்றேன். குனிந்தபடியே, "ஓம், வைப்பம்" என்றார்.